பேர் வெட்டும் வரை

நில ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதிப் பிழைப்பவன் நான். பெயர் லூயிஸ். எனக்குக் கோபம் அதிகம் என்று என் மனைவி ஹில்டா சொல்வாள். ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணிகளும் சொல்வார்கள். பாவசங்கீர்த்தனத்தில் நானே சாமியாரிடம் பல முறை ஒப்புக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. மீதிப் பேர் தெரிந்தாலும் வாயைத் திறக்கமாட்டார்கள். கத்தாமல் எப்படி இருப்பது? ஆனால் ஒரே ஆளை இரண்டரை வருஷம் விடாமல் திட்டியிருக்கிறேன் என்றால் அது அப்பாவு ஒருவரைத்தான். திட்டிய பிறகு வீட்டுக்குப் போய், அவரை நினைத்துக்கொண்டு சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்ததும் அவருக்காக மட்டும்தான்.

அவரை முதலில் பார்த்தது 1924-ஆம் வருஷம் மே மாதத்தில். அன்றைக்கு ஒரு பத்திரம் பாக்கி இருந்ததால் ஏழு மணிக்கே வந்துவிட்டேன். ஆபீஸ் ஒன்பதுக்குத்தான் திறக்கும். படிக்குக் கீழே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த வேட்டி, பித்தான் எல்லாம் போட்ட காக்கிச் சட்டை, கையில் ஒரு வெள்ளைத் துணி முடிச்சு. சுவரில் சாயவில்லை, குந்தவில்லை, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். தோட்டத்து ஆள் என்று கேட்காமலே தெரிந்தது. விடிவதற்கு முன்னே எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். பெரட்டில் நின்று பழகியவர்கள்தான் அப்படி நிற்பார்கள்.

"எத்தன மணிக்கு வந்தீங்க?" என்றேன்.

"அஞ்சரைக்குங்க ஐயா. கிராணி இன்னும் வந்து பேர் கூப்பிடலிங்க."

"இது தோட்டமில்ல, ஆபீஸு. ஒம்போது மணிக்குத்தான் தொறப்பாங்க. என்னா விசயம்?"

"சாவி ஒப்படைக்கணுங்க."

துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒரு இரும்புச் சாவி, புளி போட்டுத் தேய்த்திருந்ததால் பளபளவென்று இருந்தது. இந்த ஆபீஸில் வரி கட்ட வருவார்கள், எல்லைத் தகராறுக்கு வருவார்கள், அழுவதற்கு வருவார்கள். சாவியைத் தேய்த்து எடுத்துக்கொண்டு வந்த ஆளை அன்றுதான் பார்த்தேன். பத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, உட்காருங்கள் என்றேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்ன கதை இது.

அப்பாவு இருபது வயதில் கப்பல் ஏறி வந்தவர். புந்தோங் என்கிற ஊருக்கு மேற்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பதினைந்து வருஷம் பால் வெட்டினார். ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆட்களைக் குறைத்த சமயத்தில், 1921-இல், தாமே ஒரு மாசம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வேலையை விட்டார். தோட்டத்து எல்லைக்கு வெளியே முக்கால் ஏக்கர் நிலம் வைத்திருந்த ஒரு சீனர் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அப்பாவு சேர்த்து வைத்திருந்ததும், மனைவி செல்லாயியின் கழுத்திலும் காதிலும் கிடந்ததும் சேர்ந்து அந்த நிலம் ஆனது. கிராண்டு என்கிற நிலப் பட்டா அவர் பேரில் பதிவானது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை என்று ஒரு வீடு கட்டினார். முருங்கை, வாழை, பாகற்பந்தல் போட்டார். கிணறு மட்டும் செல்லாயியின் யோசனை. அப்பாவு வெட்ட வெட்ட, மண்ணைக் கூடையில் அள்ளி மேலே கொட்டியது அவள்தான்.

மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. நான்காம் வருஷம் ஏப்ரலில் ஒரு பியூன் வந்து முருங்கை மரத்தில் ஒரு காகிதத்தை ஒட்டினான், இன்னொன்றை அப்பாவு கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவருக்குப் படிக்கத் தெரியாது. பழைய தோட்டத்துக் கிராணியிடம் எடுத்துக்கொண்டு போனார். புந்தோங் பக்கம் புது ரோடு வரப்போகிறது, அதற்கு அரசாங்கம் உன் நிலத்தை எடுக்கப்போகிறது என்று கிராணி படித்துச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் எப்போது, என்ன விலை, யாரைப் பார்க்கவேண்டும் என்று நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். அப்பாவு ஒன்றுமே கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். மேலிடம் காகிதம் கொடுத்தால் ஒரு மாசக் கெடு. அந்த ஒரு மாசமும் ஒழுங்காக வேலை செய்யவேண்டும். மாசம் முடிந்ததும் தோட்டத்தில் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையைக் கூட்டி மெழுகி, கத்தியையும் வாளியையும் ஒப்படைத்து, பேரேட்டில் தன் பேரை வெட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்பவேண்டும்.

அப்படியே செய்திருக்கிறார் இந்த மனுஷன், தம்முடைய சொந்த வீட்டில்! ஒரு மாசம் முடிந்த அன்று சட்டி பானைகளை வண்டியில் ஏற்றி, புந்தோங்கில் மாடு வைத்துப் பால் ஊற்றும் மைத்துனர் சீனியின் கொட்டகை ஓரத்தில் இறக்கினார். வீட்டைச் சாணி போட்டு மெழுகினார். கதவைப் பூட்டினார். சாவியைத் தேய்த்தார். இதோ வந்து நிற்கிறார்.

எனக்குத் தலை சுற்றியது. "யோவ், அது ஒன் சொந்த நெலம்யா. அரசாங்கம் எடுக்குறதுன்னா அவங்க விசாரண வைக்கணும். வெல தீக்கணும். அப்புறம் அவங்களே வந்து எடுத்துக்கணும். அது வரைக்கும் ஒன் வீட்ல நீ இருக்கலாம். ஒன்ன யாரு போகச் சொன்னா?"

"காகிதம் வந்திச்சிங்களே."

ஒன்பதுக்குக் கதவு திறந்ததும் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர் கண்ணாடிக்கு மேலாகச் சாவியைப் பார்த்தார். இப்படி ஒரு பொருளை வாங்கி வைக்கத் தம்மிடம் வழியே இல்லை, நிலத்தை எடுக்க வரும்போது ஆபீஸே சொல்லி அனுப்பும், இப்போது போங்கள் என்றார். அப்பாவு அசையவில்லை.

"பேரு வெட்டியாச்சுங்களா?" என்று கேட்டார்.

"என்ன பேர்?" என்றார் கிராணி.

"எம் பேருங்க."

"அதெல்லாம் இப்ப வெட்டுறதில்லை. போங்கோ."

வெளியே வந்ததும் அவருக்கு மறுபடி ஆதியோடந்தமாக விளக்கினேன், கொஞ்சம் சத்தமாகவே. செல்லாயியைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் நான் சொன்னதில் அவர் மனதில் தங்கியது ஒன்றே ஒன்றுதான்: பேரை இன்னும் வெட்டவில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது. பின்னால்தான் சொன்னார். அவரோடு பக்கத்து மர நிரையில் பால் வெட்டிய ராமையா என்பவர் ஒரு மாசம் சொல்லிவிட்டு, அது முடிய இரண்டு நாள் இருக்கும்போது மலாய்க் கிராமமான கம்பத்துப் பக்கம் போய்விட்டாராம். பேர் வெட்டாமல் ஓடிப்போனவன் என்று பிடித்துக்கொண்டு வந்து, பெரட்டில் எல்லார் முன்னாலும் நிறுத்திவிட்டு, சிறைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த ராமையா அதற்குப் பிறகு யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. அந்தச் சட்டமெல்லாம் மாறிவிட்டது, இப்போது யாரையும் அப்படிப் பிடிக்கமாட்டார்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். சட்டம் மாறியது எனக்குத் தெரியும். அவர் உடம்புக்குத் தெரியவில்லை.

ஆக, அப்பாவு ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு மாசம் முடிந்துவிட்டதால் வீட்டில் தங்கக்கூடாது. பேர் வெட்டாததால் வேலைக்குப் போகாமலும் இருக்கக்கூடாது. தினமும் விடிவதற்கு முன்னே சீனியின் மாட்டுக்கொட்டகையிலிருந்து புறப்பட்டு, மூன்று மைல் நடந்து, தம் நிலத்துக்குப் போவார். புல் செதுக்குவார், வாசலைக் கூட்டுவார், வாழைக்குப் பக்கக் கன்று கழிப்பார், கூரையில் அத்தாப்பு பொத்தல் விட்டால் மாற்றுவார். மத்தியானம் கிணற்றடியில் உட்கார்ந்து கொண்டுபோன சோற்றைச் சாப்பிடுவார். பூட்டிய வீட்டுக்குள் ஒரு நாளும் கால் வைக்கவில்லை. அதற்குப் பிறகு புந்தோங் திரும்பி, சீனியின் மாடுகளுக்குப் புல் அறுத்து, அதில் பிழைத்தார்.

"ஒண்ணு அங்க இரு மச்சான், இல்ல இங்க இரு லா. ரெண்டுக்கும் நடுவுல ஏன் நடந்து சாவுற?" என்று சீனி கேட்டுப் பார்த்தார். மறுநாளும் விடிவதற்கு முன்னே அப்பாவு நடந்தார்.

இதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். நிலம் அரசாங்கத்துடையது, அதில் விளைவதும் அரசாங்கத்துடையது என்று வேறு முடிவு கட்டிவிட்டார். சனிக்கிழமை தோறும் முருங்கைக்காய்க் கட்டும் வாழைத்தாருமாக ஆபீஸ் படியில் வந்து நிற்பார். யாழ்ப்பாணத்துக் கிராணி முதல் வாரம் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். லஞ்சம் வாங்கியதாக யாராவது எழுதிப் போட்டால் அவர் வேலை என்ன ஆவது? இனிமேல் இந்த மனிதரைக் காய்கறியோடு உள்ளே விடாதே என்று பியூனுக்கு உத்தரவு போட்டார். உள்ளே விடாததை அப்பாவு என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். உண்மையை மறைக்க மாட்டேன்: இரண்டு வருஷம் அரசாங்கத்து முருங்கைக்காய் என் வீட்டுச் சாம்பாரில்தான் கொதித்தது. ஒரு வாரம் காய் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று ஹில்டாவே கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

ஒரு நாள் செல்லாயி தனியாக வந்தாள். ஒல்லியான பெண், முன்தலை நரைத்திருந்தது. மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் நேராகவே கேட்டாள்.

"அண்ணே, எங்க வூட்டு முருங்கைக்கா நல்லாருக்கா?"

எனக்கு முகம் சூடேறியது. வாய் தவறி, நல்லாயிருக்கு தங்கச்சி என்றேன்.

"நான் தின்னு ஒண்ணேகா வருசமாச்சு. ஒண்ணு பறிச்சாலும் திருட்டுங்கறாரு. பாசார்ல காசு குடுத்து வாங்கித் தின்னுக்கறேன்." சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. "நான் அவரப் பத்திக் கொற சொல்ல வரலண்ணே. குடிக்க மாட்டாரு, அடிக்க மாட்டாரு. போன மாசம் காய்ச்சல்ல மூணு நாள் கெடந்தாரு. எந்திரிச்சி நிக்க முடியல, அப்பவும் வேலைக்குக் கெளம்புறாரு. நாந்தான் படுக்க வச்சிட்டு, அவருக்குப் பதிலா மூணு நாளும் போயிப் புல்லு வெட்டிட்டு வந்தேன். என் கெணறு அண்ணே. மேல நின்னு பாத்துட்டு வந்தேன். மாட்டு மூத்தர நாத்தத்துலயே படுத்து எந்திரிக்கிறேன். எனக்கு எங்க வூட்டுக்குப் போகணும்."

அவளுக்காக அன்றைக்கு ஒரு மனு எழுதினேன். காசு வாங்கவில்லை. விசாரணை எப்போது என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். விசாரணைக்கு நாள் குறித்தார்கள், தள்ளி வைத்தார்கள். மறுபடி குறித்தார்கள், மறுபடியும் தள்ளி வைத்தார்கள். அப்பாவு நடந்துகொண்டே இருந்தார்.

1926 கடைசியில்தான் சேதி தெரிந்தது. ரோடு வேறு பக்கமாகப் போகிறது. அப்பாவு நிலத்துக்கு அரை மைல் தள்ளி, தண்ணீர் நிற்காத மேட்டில் போடப் போகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். எடுப்பதாகச் சொன்ன நிலத்தை அரசாங்கம் இன்னும் தன் கைக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்றால், அந்த வேலையைக் கைவிட்டுவிடலாம். அத்தோடு நடவடிக்கை காலாவதி. போட்ட உத்தரவுக்கு உயிர் இல்லை. நிலம் பழையபடி உரியவருக்கு. ஆனால் ஒருமுறை கைக்கு எடுத்துவிட்டால், பிறகு பேச்சே இல்லை. ரோடு வந்தாலும் வராவிட்டாலும் அது அரசாங்கத்து நிலம்தான்.

நான் சந்தோஷத்தில் அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. ரோடு வேலைக்கு வந்த ஓவர்சியருக்கு ஜல்லியும் சாமானும் போட்டு வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. அப்பாவு நிலத்தில் வீடு பூட்டிக் கிடந்தது. உள்ளே சட்டி பானைகூட இல்லை. உரியவரே இரண்டரை வருஷத்துக்கு முன்னால் காலி செய்துவிட்டுப் போய்விட்டார், ஆகவே இது எப்போதோ அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டது என்று அவர் மேலே எழுதிவிட்டார். அந்த மனுஷன்மேல் குற்றம் சொல்ல முடியாது. நிலத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்த ஆளிடம் இது யாருடைய இடம் என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் நிமிர்ந்து நின்று, அரசாங்கத்து இடம் என்று பதில் சொல்லியிருக்கிறார்!

எது உண்மை என்று கலெக்டர் துரை நேரில் விசாரிக்க நாள் குறித்தார். முதல் நாளே அப்பாவுவை என் மேசை முன்னால் நிறுத்தினேன்.

"அண்ணே, நல்லாக் கேளுங்க. நெலம் யாரு கையில இருக்குன்னு கேட்டா, எங் கையிலன்னு சொல்லணும். ஒப்படைச்சேன்னு வாயத் தொறந்தீங்க, எல்லாம் போச்சு. வெளங்குதா?"

"நான் ஒப்படைக்கத்தானே ஐயா போனேன்."

"அவங்க வாங்கலியே."

"வாங்கலிங்க. ஆனா நான் வூட்ட விட்டுட்டேனே. அத எப்பிடி இல்லன்னு சொல்றது?"

"செல்லாயிய நெனச்சுப் பாருங்க."

"தெனமும் அவளத்தான் ஐயா நெனைக்கிறேன்" என்றார். அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை.

விசாரணை அன்று துரை நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஓவர்சியர். இன்னொரு பக்கம் மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துக் கிராணி. அப்பாவு மேசைக்கு முன்னால் கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றார். செல்லாயி கதவோரம் நின்றாள். மனு எழுதினவன் என்பதால் என்னைச் சுவர் ஓரமாக நிற்க விட்டிருந்தார்கள், வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி. என்னைப் போய்!

"அந்த வீட்டில் நீர் குடியிருக்கிறீரா என்று துரை கேட்கிறார்" என்றார் கிராணி.

"இல்லிங்க. காகிதம் வந்து ஒரு மாசத்துல காலி பண்ணிட்டேன்."

ஓவர்சியர் தலையாட்டினார்.

"அரசாங்கத்து இடம் என்று இவரிடம் சொன்னீரா?"

"ஆமாங்க, சொன்னேன்."

செல்லாயி கதவைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தேன். துரை ஏதோ எழுதப்போனார், பேனாவைப் பாதியில் நிறுத்தினார். அவர் கேட்ட கேள்வியைக் கிராணி நிதானமாகத் தமிழில் சொன்னார்.

"அரசாங்கத்து இடமென்றால், நீர் அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தது ஏன்? உம்மை வேலைக்கு வைத்தது யார்?"

"யாரும் வைக்கலிங்க. பேர் இன்னும் வெட்டலிங்களே. வெட்டாம வேலைய வுட்டு நின்னுட்டா ஓடிப்போனவன்னு ஆயிடும்."

இதைத் துரைக்கு விளக்கக் கிராணிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தோட்டம், பெரட்டு, பேரேடு என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். சாவியைப் பற்றியும் சொன்னார். முருங்கைக்காயைப் பற்றியும் சொல்லியிருக்கவேண்டும், ஏனென்றால் துரை சட்டென்று என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"எத்தனை நாள் போனீர்?"

"எல்லா நாளும் போனேங்க. மூணு நாள் காய்ச்சல். அந்த மூணு நாளும் பெஞ்சாதி போனா. அந்த மூணு நாள அவ பேர்லதாங்க போடணும்."

அப்பாவு தொண்டையைச் செருமினார். கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொன்னதை அன்றுதான் பார்த்தேன்.

"துரை கோவிச்சுக்கக் கூடாது. ரெண்டர வருசமாச்சுங்க. எம் பெஞ்சாதி மாட்டுக்கொட்டாய் ஓரத்துல கெடக்குறா. நான் நடக்கறதப் பத்தி இல்லிங்க, நான் நடந்துருவேன். அவளுக்காகக் கேக்குறேன். எம் பேர வெட்டி விட்டுட்டீங்கன்னா, வேற எங்கயாச்சும் போயி நாங்க ஒரு குடிசயப் போட்டுக்குவோம்."

பாவி மனுஷா என்று மனதுக்குள் கத்தினேன். நிலத்தைக் காப்பாற்ற இத்தனை பேர் மெனக்கெட, எழுதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று தாமே நீட்டுகிறார். செல்லாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிராணி துரையிடம் இதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. இரண்டரை வருஷத்தில் அந்த மனிதரிடம் இப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

துரை பெரிய பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பக்கங்களைத் தள்ளி ஓர் இடத்தில் விரலை வைத்தார். அந்த விரலை எடுக்காமலே பேசினார். கிராணி எழுந்து நின்று மொழிபெயர்த்தார். அவர் எழுந்து நிற்கவேண்டிய அவசியமே இல்லை.

"துரை சொல்கிறார்: உம்முடைய பேர் இதில் வேலைக்காரன் என்று இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரன் என்று இருக்கிறது. இதை வெட்ட அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த நிலம் ஒரு நாள்கூட அரசாங்கத்தின் கைக்கு வரவில்லை. தினமும் போய்ப் பார்த்துக்கொண்டது நீர்தான், ஆகவே இத்தனை நாளும் உம்முடைய கையில்தான் இருந்திருக்கிறது. நடவடிக்கை காலாவதியாகிவிட்டது. நீர் போகலாம்."

ஓவர்சியர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்பாவு நின்ற இடத்திலேயே நின்றார். கிராணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க போலாம்னு சொல்றாரு ஐயா?" என்றார்.

"வூட்டுக்கு" என்றாள் செல்லாயி, கதவோரத்திலிருந்து.

நான் கோபக்காரன். அழுகிறவன் இல்லை. அன்றைக்கு வெளியே வந்து, ஒரு காரணமும் இல்லாமல் பியூனோடு சண்டை போட்டேன்.

நடவடிக்கையைக் கைவிட்டதாக ஆபீஸிலிருந்து காகிதம் தயாராகி வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதில் அப்பாவுவின் கைநாட்டு வேண்டும். பியூன் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. போகவேண்டும் என்று தோன்றியது, போனேன். போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி இருக்கும். வீடு திறந்திருந்தது. அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. செல்லாயி எங்களைப் பார்த்ததும் வேகமாக வாசலுக்கு வந்து, உதட்டில் விரலை வைத்தாள். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அப்பாவு பாயில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ஒடம்புக்கு முடியலியா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்காரு. எழுப்பாதீங்கண்ணே." இன்னும் குரலைத் தாழ்த்தினாள். "வந்ததுலேருந்து தெனமும் நாலரைக்கு எந்திரிச்சி, மொகம் கழுவிட்டு, வாசல்ல போயி நிப்பாரு. நானும் ஒண்ணும் சொல்லல. யாரும் கூப்பிட வரலியேன்னு பாத்துட்டு, அப்புறமா மண்வெட்டிய எடுப்பாரு. முந்தா நேத்து வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து படுத்துட்டாரு. இன்னிக்குத்தான் அண்ணே எந்திரிக்கவே இல்ல."

பியூன் அவசரப்பட்டான். பதினொரு மணிக்குள் காகிதம் திரும்பவேண்டும், துரை கேட்பார் என்றான். கேட்கட்டும், வாயை மூடிக்கொண்டு உட்கார் என்றேன், என்னால் முடிந்த மட்டும் மெதுவான குரலில். செல்லாயி இரண்டு பலகை கொண்டுவந்து முருங்கை நிழலில் போட்டாள். அரசாங்கத்துக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருந்தோம். அவர் எழுந்து வந்தபோது மணி ஒன்பதே முக்கால்.